பணம் கட்டப்பட வேண்டும், சரி... யாரால்?

"யூ மஸ்ட் பே தி ஃபீஸ்." இதை பாஸிவ் வாய்ஸுக்கு மாற்றவும். இரண்டு மார்க்.

விடை பத்தாம் வகுப்பு தாண்டிய எல்லோருக்கும் தெரியும். "தி ஃபீஸ் மஸ்ட் பி பெய்ட்." கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து "சார், பின்னாடி பை யூ போடணுமா?" என்று கேட்பான். "போட்டாலும் சரி, போடாட்டியும் சரி, மார்க் உண்டு" என்று பதில் வரும். வகுப்பு அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடும்.

அந்தப் பாடத்தில் கேட்கத் தகுந்த ஒரே கேள்வியைக் கேட்டவன் அந்தக் கடைசி பெஞ்சுக்காரன்தான். அவனை உட்காரவைத்துவிட்டு நடத்துவதற்குப் பெயர் இலக்கணப் பாடம்.

'மஸ்ட்', 'ஷல்', 'ஷுட்', 'மே' போன்ற மோடல் வினைகளோடு 'பி பெய்ட்', 'பி டன்' என்கிற பாஸிவ் வடிவம் சேரும்போது ஆங்கிலத்தில் ஒரு தினுசான வாக்கியம் கிடைக்கிறது. அதில் கடமை இருக்கும், அனுமதி இருக்கும், குற்றச்சாட்டுகூட இருக்கும். அந்தக் கடமை யாருடையது, அனுமதி யாருக்கு, குற்றம் யார்மேல் என்பது மட்டும் இல்லாமல் போகலாம். சட்டம், ஒப்பந்தம், சுற்றறிக்கை, ஆடிட் ரிப்போர்ட் எல்லாம் இந்த வாக்கியத்தில்தான் ஓடுகின்றன. இதைப் போய் அல்ஜீப்ரா மாதிரி இந்தப் பக்கத்தை அந்தப் பக்கம் கொண்டுபோகும் வேலையாகச் சொல்லிக்கொடுப்பது சோம்பேறித்தனம். மார்க் வாங்கிய மாணவன் அதற்கான விலையைப் பிற்பாடு, தான் கையெழுத்துப் போடும் காகிதங்களில் கொடுக்கிறான்.

முதலில் வடிவத்தைப் பார்த்துவிடலாம். மோடலுக்குப் பின் 'டு' வராது. 'பி' மாறாது. அதற்கப்புறம் வினைச்சொல்லின் மூன்றாம் வடிவம். மஸ்ட் பி பெய்ட், கேன் பி சோல்ட், ஷுட் பி செக்ட். நடந்து முடிந்த காரியம் என்றால் 'ஹேவ் பீன்' வரும்: ஷுட் ஹேவ் பீன் செக்ட். 'ஆட்' ஒன்று மட்டும் 'டு' கேட்கும்: ஆட் டு பி பெய்ட். அவ்வளவுதான். அரை மணி நேரத்தில் சொல்லி முடித்துவிடலாம். மீதி வருடமெல்லாம் அதே அச்சில் நூறு வாக்கியத்தை வார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, வார்த்துவிட்டுப் போகட்டும். கூடவே ஒரு பொய்யும் சொல்கிறார்களே, அதுதான் பிரச்சினை. "வாய்ஸ் மாறினாலும் அர்த்தம் மாறாது." பூனை எலியைப் பிடித்தது, எலி பூனையால் பிடிக்கப்பட்டது என்கிற வரைக்கும் இது ஓடும். மோடல் உள்ளே வந்ததும் படுத்துவிடும்.

"தி மேனேஜர் வோன்ட் மீட் தி கஸ்டமர்." மேனேஜர் பார்க்க மறுக்கிறார் என்று இதைப் படிக்கலாம். பிடிவாதம் அவருடையது. மாற்றிப் பாருங்கள்: "தி கஸ்டமர் வோன்ட் பி மெட் பை தி மேனேஜர்." மேனேஜரின் மறுப்பு காணாமல் போய்விட்டது. சந்திப்பு நடக்காது என்ற தகவல் மட்டும் மிஞ்சுகிறது. போதாக்குறைக்கு, கஸ்டமர்தான் முரண்டு பிடிக்கிறார் என்றும் படிக்க இடம் இருக்கிறது.

இன்னொன்று. "திஸ் டீச்சர் கேனாட் டீச் ரவி." ஆசிரியருக்குச் சொல்லிக்கொடுக்க வரவில்லை என்று அர்த்தம் வருகிறது. மாற்றினால்: "ரவி கேனாட் பி டாட் பை திஸ் டீச்சர்." இப்போது மண்டையில் ஏறாதவன் ரவி என்று ஆகிவிடுகிறது. குறை ஆசிரியரிடமிருந்து மாணவனுக்குக் கைமாறிவிட்டது, "அர்த்தம் மாறவில்லை" என்று இரண்டு மார்க்கும் போட்டாயிற்று! :-)

தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதுகிற பிள்ளைக்கு இன்னொரு பள்ளமும் காத்திருக்கிறது. "பத்தாம் தேதிக்குள் பணம் கட்ட வேண்டும்" என்பது நல்ல தமிழ். இதில் எழுவாயே கிடையாது. இருந்தும் வினை செய்வினைதான், 'படு' எதுவும் தேவைப்படவில்லை. ஆங்கிலம் இதற்கு ஒத்துக்கொள்ளாது. கட்டுபவரைச் சொல்லாவிட்டால் எழுவாய் நாற்காலி காலியாக இருக்கும், அதை ஆங்கிலம் தாங்காது. அதனால் பணத்தைத் தூக்கி அந்த நாற்காலியில் உட்காரவைத்து, வினையை 'பி பெய்ட்' என்று மாற்றுகிறது. பாஸிவ் எதற்காக என்பதற்கு ஒரு முக்கியமான காரணம் இதுதான். இதை யாரும் சொல்லித்தராததால் பிள்ளை "தி ஃபீஸ் ஷுட் பே பிஃபோர் டென்த்" என்று எழுதுகிறான். அதாவது ஃபீஸ் தானே எழுந்து நடந்து கவுன்டருக்குப் போய்க் கட்டவேண்டும்! சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டு 'வாய்ஸ் மிஸ்டேக்' என்று திருத்துவார்கள். ஏன் தப்பு என்பது அவனுக்குக் கடைசிவரை தெரியாது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஆளை மறைக்கத் தமிழுக்கு பாஸிவ்கூட வேண்டாம், 'கட்ட வேண்டும்' என்றாலே போதும். அதனாலேயே ஆங்கில பாஸிவில் ஆள் காணாமல் போவது தமிழ்க் காதுக்கு உறுத்துவதில்லை. யார் கண்ணுக்கு இது கொஞ்சமும் தட்டுப்படாதோ அவர்களுக்குத்தான் இதை அழுத்திச் சொல்லித்தர வேண்டும். நடப்பது நேர் எதிர்.

'ஒரு பை விட்டுப்போனால் குடியா முழுகிவிடும்?' என்று கேட்பவர்கள் இந்திய அரசியலமைப்பின் 320-வது பிரிவைப் பார்க்கலாம். அரசு ஊழியர்கள்மேல் எடுக்கும் ஒழுங்கு நடவடிக்கைகளில் பப்ளிக் சர்வீஸ் கமிஷனிடம் ஆலோசனை கேட்க வேண்டும் என்பது அதன் மூன்றாம் உட்பிரிவு. கேட்க வேண்டும் என்பதற்கு அங்கே இருக்கும் ஆங்கிலம் 'ஷல் பி கன்சல்டட்'. கமிஷன் ஆலோசிக்கப்பட வேண்டும். யார் ஆலோசிக்க வேண்டும்? வாக்கியத்தில் இல்லை. அரசு என்று ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். ஆலோசிக்காவிட்டால் என்ன ஆகும்? அதுவும் இல்லை.

உத்தரப் பிரதேச அரசுக்கும் அதன் ஊழியர் ஒருவருக்கும் நடந்த வழக்கில், 1957-ல் உச்சநீதிமன்றம் இந்த 'ஷல்' கட்டாயம் அல்ல, வழிகாட்டுதல் மட்டுமே என்று தீர்ப்பளித்தது. ஆலோசனையில் குறை இருந்தது என்பதற்காக மட்டும் நடவடிக்கை செல்லாமல் போகாது என்றது. தீர்ப்பு இலக்கணத்தை வைத்து வந்ததல்ல. கமிஷனின் ஆலோசனை அரசைக் கட்டுப்படுத்தாது, சில விஷயங்களுக்கு ஆலோசனையே தேவையில்லை என்று விதி செய்துகொள்ள அதே பிரிவு இடம் தருகிறது, மீறினால் என்ன விளைவு என்று எங்கும் சொல்லப்படவில்லை என்பவை நீதிமன்றம் பார்த்த காரணங்கள். ஆனால் அந்த ஊழியரின் இடத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். 'ஷல்' என்று அச்சில் இருக்கிறது. பள்ளியில் படித்தபடி அது கட்டளை. நீதிமன்றத்தில் அது கட்டளையாக நிற்கவில்லை. யார், செய்யாவிட்டால் என்ன என்கிற இரண்டும் இல்லாத கடமை எவ்வளவு மெலிந்தது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

அதே அரசியலமைப்பில் ஒன்பது பிரிவுகள் முன்னால், 311-ல், சிவில் பணியில் இருப்பவரை அவரை நியமித்த அதிகாரிக்குக் கீழ்ப்பட்ட அதிகாரி பணிநீக்கமோ பதவிநீக்கமோ செய்யக்கூடாது என்று இருக்கிறது. அங்கேயும் ஆங்கிலம் மோடலும் பாஸிவும்தான்: 'ஷல் பி டிஸ்மிஸ்ட் ஆர் ரிமூவ்ட்'. ஆனால் பின்னாலேயே 'பை' வந்து எந்த அதிகாரி என்று ஆளைக் காட்டிவிடுகிறது. இந்தப் பிரிவை மீறிய பணிநீக்கங்கள் நீதிமன்றத்தில் நிற்பதில்லை. 'போட்டாலும் சரி, போடாட்டியும் சரி' என்று சொல்கிறவர்கள் இந்த இரண்டு பிரிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கட்டும்.

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு வேறு உதாரணம் கையிலேயே இருக்கிறது. கம்பெனிச் சட்டத்தில் பதிவேடு பராமரிக்கப்பட வேண்டும், அறிக்கை தாக்கல் செய்யப்பட வேண்டும் என்று வரிக்கு வரி வரும். தவறினால் யாரைப் பிடிப்பது? கம்பெனிக்குக் கையும் இல்லை, காலும் இல்லை. அதனால்தான் 2013-ம் ஆண்டுச் சட்டம் 2(60)-ம் பிரிவில் 'ஆஃபிசர் ஹூ இஸ் இன் டிஃபால்ட்' என்று ஒரு வரையறை வைத்துக்கொண்டு, முழுநேர இயக்குநர், முக்கிய நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்கள், அவர்கள் இல்லாவிட்டால் போர்டு குறிப்பிடும் இயக்குநர்கள், அப்படி யாரையும் குறிப்பிடாவிட்டால் எல்லா இயக்குநர்களும் என்று வரிசையாகத் தேடிப் பிடிக்கிறது. 1956-ம் ஆண்டுச் சட்டத்திலும் இதே வேலைக்கு 5-ம் பிரிவு இருந்தது. பாஸிவ் வாக்கியம் தொலைத்த ஆளைக் கண்டுபிடிக்கத் தனியாக ஒரு பிரிவு! சட்டம் எழுதுகிறவர்களுக்கே அந்த ஓட்டை தெரிந்திருக்கிறது. பி.காம். வகுப்பில் 2(60)-ஐ மனப்பாடம் செய்கிற பையனுக்கு, அது பத்தாம் வகுப்பில் தான் கேட்ட கேள்விக்கான பதில் என்று யாரும் சொல்வதில்லை.

அடுத்து 'மே'. ஆங்கிலத்தில் 'மே' என்றால் ஒன்று அனுமதி, இல்லை சாத்தியம். இந்திய அலுவலகங்களில் அதற்கு மூன்றாவதாக ஒரு அவதாரம் உண்டு. "தி பில் மே பி பாஸ்ட்." "நெசசரி ஆக்ஷன் மே கைண்ட்லி பி டேக்கன்." இது அனுமதியா, வேண்டுகோளா, உத்தரவா? மேலே இருப்பவர் எழுதினால் உத்தரவு, கீழே இருப்பவர் எழுதினால் வேண்டுகோள், பிற்பாடு பிரச்சினை வந்தால் வெறும் யோசனை. ஃபைல் ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்கு நடக்கும். ஒவ்வொரு மேஜையிலும் 'மே பி' ஒன்று சேரும். செய்ய வேண்டியவர் மட்டும் எந்த மேஜையிலும் உட்கார்ந்திருக்க மாட்டார்.

மாணவர்களுக்கு நேராக வலிக்கிற இடமும் இதுதான். ஒரு கல்லூரிக் கையேட்டில் "காஷன் டெபாசிட் மே பி ரீஃபண்டட் ஆன் கம்ப்ளீஷன் ஆஃப் தி கோர்ஸ்" என்று ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். சேரும்போது படிக்கிற அப்பா 'பணம் திரும்ப வந்துவிடும்' என்று புரிந்துகொள்வார். வரி அப்படிச் சொல்லவில்லை. திருப்பித் தரலாம், தராமலும் இருக்கலாம். தருபவர் யார், எத்தனை நாளைக்குள் என்பதும் இல்லை. "தி காலேஜ் ஷல் ரீஃபண்ட்" என்று நாலே வார்த்தையில் எழுதியிருக்கலாம். ஏன் எழுதவில்லை என்று கேட்கத் தெரிந்தவனே ஆங்கில இலக்கணம் படித்தவன். வாக்கியத்தை மாற்றத் தெரிந்து இந்தக் கேள்வி எழாதவனிடம் இருப்பது வெறும் மார்க்.

இதையெல்லாம் படித்துவிட்டு 'அப்படியானால் பாஸிவே கூடாது' என்று கிளம்புகிறவர்களும் உண்டு. ஜார்ஜ் ஆர்வெல் 1946-ல் எழுதிய ஒரு கட்டுரையில் செய்வினை போதுமான இடத்தில் செயப்பாட்டுவினை வேண்டாம் என்று ஒரு விதி சொன்னார். அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு பாஸிவைக் கண்ட இடத்தில் எல்லாம் வெட்டுவது ஒரு ஃபேஷன். கம்ப்யூட்டர் மென்பொருளே பச்சைக்கோடு போட்டு மிரட்டியதுண்டு. இதுவும் யோசிக்காத வேலைதான். அங்கே கண்ணை மூடிக்கொண்டு மாற்றுகிறார்கள், இங்கே கண்ணை மூடிக்கொண்டு வெட்டுகிறார்கள்.

செய்பவர் யார் என்பது வெளிப்படையாக இருந்து, கவனம் பொருள்மேல் இருக்க வேண்டிய இடத்தில் பாஸிவ்தான் சரி. சரக்கிருப்பை அடக்கவிலை, நிகர விற்பனை மதிப்பு இரண்டில் எது குறைவோ அதில் மதிப்பிட வேண்டும் என்கிற கணக்கியல் விதி, ஏஎஸ் 2-ல் 'ஷுட் பி வேல்யூட்' என்று இருக்கிறது. கணக்கு எழுதும் நிறுவனம்தான் மதிப்பிடும், வேறு யார் மதிப்பிடுவார்கள்? அங்கே ஆளைச் சொல்லாததால் நஷ்டமில்லை.

அதைவிடப் பெரிய உதாரணம் 21-வது பிரிவு. சட்டம் வகுத்த நடைமுறைப்படி அல்லாமல் எவருடைய உயிரும் தனிமனித சுதந்திரமும் பறிக்கப்படக் கூடாது. 'ஷல் பி டிப்ரைவ்ட்'. இங்கேயும் பறிப்பவர் யார் என்று இல்லை. ஆனால் இங்கே அந்த இல்லாமைதான் பலம். 14-வது பிரிவு 'தி ஸ்டேட் ஷல் நாட்' என்று அரசைப் பெயர் சொல்லி ஆரம்பிக்கிறது, 21 அப்படி ஆரம்பிக்கவில்லை. 2023 ஜனவரியில் உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வில் பெரும்பான்மை, 19, 21 பிரிவுகளின் உரிமைகளை அரசு அல்லாதவர்களுக்கு எதிராகவும் நிலைநாட்டலாம் என்று சொன்னது. ஆளைச் சொல்லாமல் விட்டதால் 320-ல் கடமை மெலிந்தது, 21-ல் தடை எல்லோர்மேலும் விரிந்தது. ஒரே மோடல், ஒரே பாஸிவ். 'யார்' என்று கேட்டுப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

இந்தக் குடும்பத்திலேயே மோசமான பிள்ளை 'ஷுட் ஹேவ் பீன்'. "தி வவுச்சர்ஸ் ஷுட் ஹேவ் பீன் வெரிஃபைட்." "திஸ் குட் ஹேவ் பீன் அவாய்டட்." எது நடந்தாலும் அதற்கப்புறம் வருகிற அறிக்கைகளில் இந்த வாக்கியங்கள் வரிசைகட்டி நிற்கும். சரிபார்த்திருக்க வேண்டும், தவிர்த்திருக்கலாம். தப்பு நடந்தது என்று ஒத்துக்கொண்ட மாதிரியும் ஆயிற்று, யார்மேலும் விழாமல் பார்த்துக்கொண்ட மாதிரியும் ஆயிற்று. வருத்தம் தெரிவிக்கும் தொனி வேறு. இதற்கு எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டுமென்றால் தணிக்கைத் தரநிலைகளைப் பார்க்கலாம். 2009-ல் திருத்தி எழுதி முடித்த சர்வதேசத் தணிக்கைத் தரநிலைகளில் கட்டாயம் வருகிற இடத்தில் 'தி ஆடிட்டர் ஷல்' என்றுதான் வரும். ஆள் முதலில், கடமை அடுத்தது. ஆடிட்டர் தப்பிக்க முடியாது. பிறரைத் தணிக்கை செய்கிற தொழில் தன் கடமையை இப்படி எழுதிக்கொள்கிறது என்றால், அதில் பாடம் இருக்கிறது.

மற்றவர்களும் சும்மா இல்லை. 1996-ல் தென்னாப்பிரிக்கா தன் அரசியலமைப்பை எழுதியபோது குழப்பமான 'ஷல்'லை விட்டுவிட்டு 'மஸ்ட்' என்று எழுதியது. அமெரிக்க மத்திய நீதிமன்றங்களின் உரிமையியல் நடைமுறை விதிகளை 2007-ல் திருத்தி எழுதியபோது 'ஷல்'லை எடுத்துவிட்டு, இடத்துக்குத் தக்கபடி 'மஸ்ட்', 'மே', 'ஷுட்' என்று பிரித்தார்கள். இணைய நெறிமுறைகளை எழுதுகிறவர்கள் 1997-லேயே ஆர்எஃப்சி 2119 என்று ஒரு குறிப்பு போட்டு, 'மஸ்ட்' என்றால் இது, 'ஷுட்' என்றால் இது, 'மே' என்றால் இது என்று வரையறுத்துக்கொண்டார்கள். வார்த்தை காலை வாரிவிடக் கூடாது என்கிற அக்கறை உள்ளவர்கள் மோடலை இவ்வளவு மரியாதையாக நடத்துகிறார்கள். வகுப்பறையிலோ அது 'கோடிட்ட இடத்தை நிரப்புக'.

"அறுபது பேர் உள்ள வகுப்பு, சிலபஸ் முடிக்கணும், பரீட்சையில் மாற்றச் சொல்லித்தான் கேட்கிறான், நாங்க என்ன பண்ண?" என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இதற்குப் புதுப் புத்தகமோ கூடுதல் பீரியடோ வேண்டாம். ஒவ்வொரு வாக்கியத்தையும் மாற்றி முடித்ததும் மூன்று கேள்வி கேட்டால் போதும். செய்ய வேண்டியவர் யார்? அவரைச் சொல்லாமல் விட்டதால் யாருக்கு லாபம்? செய்யாவிட்டால் என்ன ஆகும்? பத்து வாக்கியத்துக்கு இப்படிக் கேட்ட வகுப்பு, நூறு வாக்கியம் மாற்றிய வகுப்பைவிட அதிகம் படித்திருக்கும். பரீட்சையும் மாறலாம். 'பாஸிவுக்கு மாற்றவும்' என்பதோடு 'இதில் பை தேவையா? ஏன்?' என்று ஒரு வரி சேர்த்தால் அதற்கு ஒரு மார்க் கொடுப்பதில் யாருக்கும் கை வலிக்காது.

கடைசி பெஞ்சுக்காரனுக்கு பதில் இன்னும் பாக்கி இருக்கிறது. அது 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 40-வது பிரிவிலேயே உண்டு. வாக்குக் கொடுத்தவரே செய்ய வேண்டும் என்பது ஒப்பந்தக்காரர்களின் எண்ணமாக இருந்தால், அதை அவரேதான் செய்தாக வேண்டும் என்கிறது அது. 'மஸ்ட் பி பெர்ஃபார்ம்ட் பை தி ப்ராமிஸர்.' மோடல் இருக்கிறது, பாஸிவ் இருக்கிறது, 'பை'யும் இருக்கிறது. கீழே சட்டமே இரண்டு உதாரணம் தருகிறது. பணம் தருவதாக வாக்குக் கொடுத்தால் தானே தரலாம், வேறொருவர் மூலமும் தரலாம். ஓவியம் வரைந்து தருவதாக வாக்குக் கொடுத்தால் வரைபவர் அவராகத்தான் இருக்க வேண்டும்.

ஆக, ஃபீஸுக்கு 'பை யூ' இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அப்பா கட்டலாம், வங்கிக் கடன் கட்டலாம், உதவித்தொகை கட்டலாம். ஓவியத்துக்கு 'பை' இல்லாவிட்டால் ஒப்பந்தமே வேறாகிவிடும். நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் சட்டம் எழுதியவர்கள் யோசித்துப் பிரித்த விஷயத்தை "போட்டாலும் சரி, போடாட்டியும் சரி" என்று தள்ளிவிட்டால் எப்படி?

அந்தப் பையன் மறுபடி எழுந்து கேட்டால் இந்தத் தடவை உட்காரச் சொல்ல வேண்டாம். கரும்பலகைக்குக் கூப்பிட்டு, 'பை'க்கு அப்புறம் யார் பெயர் வரவேண்டும் என்று அவனையே எழுதச் சொல்லலாம்.